விசுவாசத்தைச் சொல்ல வாய் வரவில்லையா? ஆறு வழிகள், ஓர் ஒப்பீடு

"சொல்லணும்னு ஆசை இருக்கு. ஆனா அந்த நேரம் வந்தா தொண்டை அடைச்சிடுது. நான் எங்கேருந்து ஆரம்பிக்கிறது?"

இந்தக் கேள்வி என்னிடம் பலமுறை வந்திருக்கிறது. கேட்பவர்கள் விசுவாசம் குறைந்தவர்கள் அல்ல. ஞாயிறு தவறாமல் சபைக்குப் போகிறவர்கள், பாடகர் குழுவில் நிற்பவர்கள், பிள்ளைகளுக்கு வேதபாடம் எடுப்பவர்கள். ஆனால் பக்கத்து மேசையில் உட்காரும் நண்பரிடம் இயேசுவைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டுமென்றால் கை நடுங்குகிறது. ஆலோசனைக்கும் பஞ்சமில்லை. "கைப்பிரதி கொடு" என்கிறார் ஒருவர். "வாழ்ந்து காட்டு, அது போதும்" என்கிறார் இன்னொருவர். "சபைக்குக் கூட்டிட்டு வா, மீதியைப் போதகர் பாத்துப்பார்" என்கிறார் மூன்றாமவர். எதை எடுப்பது என்று குழம்பி, எதையுமே எடுக்காமல் வருஷங்கள் ஓடிவிடுகின்றன.

எனக்கும் ஓடின. ஒரு மாலை எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. வேலை முடிந்து எல்லாரும் போய்விட்டார்கள். நானும் உடன் வேலை செய்யும் நண்பர் ஒருவரும் மட்டும் இருந்தோம். அந்த வருஷம்தான் என் அப்பா இறந்திருந்தார். நண்பர் கணினியை அணைத்துவிட்டு, பையின் ஜிப்பை இழுத்தபடி, என் முகத்தைப் பார்க்காமலே கேட்டார்: "அப்பா போனதுல நீங்க உடைஞ்சு போயிடுவீங்கன்னு நினைச்சேன். எப்படி இப்படி இருக்கீங்க?"

எனக்குப் பதில் தெரியும். உயிர்த்தெழுதலை நம்புகிறேன். அப்பாவை மறுபடி பார்ப்பேன் என்று நம்புகிறேன். இரவில் உட்கார்ந்து அழுதபோதும் நான் தனியாக இருக்கவில்லை. எல்லாம் நாக்கு நுனி வரை வந்தது. நான் சொன்னதோ, "என்ன பண்றது, பழகிக்கணும்ல." அவர் தலையாட்டினார். ஜிப் மூடியது. விளக்கை அணைத்துவிட்டுக் கிளம்பினோம்.

அந்த "பழகிக்கணும்ல" பல மாதம் என்னை உறுத்தியது. அதற்குப் பிறகு ஒவ்வொரு வழியாக முயன்று பார்த்தேன். சிலது பலித்தது, சிலதில் தடுமாறினேன். அதையெல்லாம் வைத்துத்தான் இந்த ஒப்பீட்டை எழுதுகிறேன்.

## வழியைத் தேடுமுன்: உங்களைத் தடுப்பது எது?

தயக்கம் என்று ஒரே பெயரில் அழைத்தாலும் உள்ளே இருப்பது ஒன்றல்ல. வழியைத் தேர்ந்தெடுக்குமுன் உங்களுடையது எது என்று பார்த்துவிடுங்கள்.

"கேள்வி கேட்டால் பதில் தெரியாதே" என்பது ஒன்று. "இந்த நட்பு போய்விடுமோ" என்பது இன்னொன்று. "சிரிப்பார்கள், மதவெறி என்பார்கள்" என்ற கூச்சம் மூன்றாவது. "என் வாழ்க்கையே ஒழுங்காக இல்லை, நான் எந்த முகத்தோடு சொல்வேன்" என்ற குற்றவுணர்வு நான்காவது. ஐந்தாவது, "இன்னொருவர் மேல் என் நம்பிக்கையைத் திணிக்கக் கூடாது" என்ற எண்ணம். இந்த ஐந்தாவதை நான் பயக்கணக்கில் சேர்ப்பதில்லை. அது அடுத்தவர் மேல் உள்ள மரியாதை. மற்ற நான்கும் குறையலாம், குறைய வேண்டும். இது குறையவே கூடாது.

பயப்படுவதால் நீங்கள் இதற்குத் தகுதியில்லாதவர் ஆகிவிட மாட்டீர்கள். மோசே தன் நாக்கு மந்தம் என்றார். எரேமியா தான் சிறுபிள்ளை என்றார். பவுலே கொரிந்து சபைக்கு எழுதும்போது, பலவீனத்தோடும் பயத்தோடும் மிகுந்த நடுக்கத்தோடும் உங்களிடத்தில் இருந்தேன் என்கிறார் (1 கொரிந்தியர் 2:3). நாம் மேடையில் கேட்கும் பவுல் வேறு, அவர் தன்னைப் பற்றிச் சொல்லும் பவுல் வேறு.

எனக்கு மிகவும் ஆறுதலான கதை எட்வர்ட் கிம்பலுடையது. 1855 ஏப்ரலில், பாஸ்டன் நகரத்தில், இந்த ஞாயிறு பள்ளி ஆசிரியர் தன் வகுப்புக்கு வரும் ஓர் இளைஞனிடம் கிறிஸ்துவைப் பற்றி நேரில் பேச வேண்டும் என்று கிளம்பினார். அந்தப் பையன் தன் மாமாவின் செருப்புக் கடையில் வேலை பார்த்தான். வேலை நேரத்தில் போனால் அவனுக்குச் சங்கடமாகுமோ, மற்ற பையன்கள் கேலி செய்வார்களோ என்று யோசித்துக்கொண்டே நடந்ததில் கிம்பல் கடையைத் தாண்டியே போய்விட்டார். தாண்டியது தெரிந்ததும், சரி, ஒரே மூச்சில் முடித்துவிடுவோம் என்று திரும்பி வந்தார். பையன் கடையின் பின்புறம் காலணிகளைத் தாளில் சுற்றி அடுக்கிக்கொண்டிருந்தான். கிம்பல் ஏதோ சில வார்த்தைகள் சொன்னார். தான் சொன்னது பலவீனமான வார்த்தைகள்தான் என்று பின்னாளில் அவரே சொன்னார். அந்தப் பையன்தான் டுவைட் மூடி, பிற்காலத்தில் அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் பெருங்கூட்டங்களுக்குப் பிரசங்கித்தவர். எல்லாருடைய முயற்சியும் இப்படி முடியும் என்று சொல்ல வரவில்லை. கடையைத் தாண்டிப் போனவராலும் திரும்பி வர முடிந்தது என்பதுதான் என் மனசில் நிற்கிறது.

## எதை வைத்து எடைபோடுவது?

ஒவ்வொரு வழியிலும் இந்த ஐந்து கேள்விகளைக் கேட்டேன்:

1. எந்தப் பயத்துக்கு இது மருந்து?
2. எதிரில் இருப்பவர் சங்கடமில்லாமல் "வேண்டாம்" என்று சொல்ல முடியுமா?
3. இயேசு யார், என்ன செய்தார் என்ற செய்தி உண்மையிலேயே போய்ச் சேர்கிறதா, அல்லது என்னைப் பற்றிய நல்ல அபிப்பிராயம் மட்டும் சேர்கிறதா?
4. அதற்கு அடுத்த பேச்சுக்கு இடம் இருக்கிறதா?
5. முதலில் கண்ணுக்குத் தெரியாத செலவு என்ன?

மூன்றாவது கேள்வியில்தான் பல வழிகள் தடுக்கி விழுகின்றன.

## வழி 1: பேசாமல் வாழ்ந்து காட்டுவது

தயங்குகிறவர்கள் எல்லாரும் முதலில் ஒதுங்கும் நிழல் இதுதான். நானும் அங்கேதான் பல வருஷம் நின்றேன். நேர்மையாக வேலை செய்வது, புறம் பேசாமலிருப்பது, ஒருவருக்கு உடம்புக்கு முடியாதபோது ஓடிப்போய் நிற்பது. இதைப் பார்த்தே அவர்கள் கேட்பார்கள் என்ற நம்பிக்கை.

இது உயர்ந்த வழி. வேதத்தில் இதற்கு நேரடி ஆதாரம் உண்டு. விசுவாசியாத கணவர்களை, மனைவிமார் போதனையின்றி நடக்கையினாலேயே ஆதாயப்படுத்தலாம் என்று பேதுரு எழுதுகிறார் (1 பேதுரு 3:1). வீட்டுக்குள் இருக்கும் உறவுகளுக்கு, அதுவும் ஏற்கெனவே பலமுறை கேட்டுச் சலித்துப்போன அப்பா, அம்மா, கணவன், மனைவிக்கு, இதைவிட நல்ல வழி இல்லை. அவர்களிடம் பதினோராவது முறையாகப் பேசுவதைவிட, பாத்திரம் கழுவுவது அதிகம் பேசும்.

ஆனால் மறைந்திருக்கும் செலவு பெரியது. பார்ப்பவர் என்ன முடிவுக்கு வருவார்? "நல்ல மனுஷன்." அவ்வளவுதான். பெருமை முழுவதும் எனக்கு வந்து சேர்கிறது. கிறிஸ்துவுக்குப் போய்ச் சேரவில்லை. நண்பர் என்னைக் கவனித்திருந்தார், கேட்கவும் செய்தார், அதற்கும் நான் "பழகிக்கணும்ல" என்றேன். என் மௌன சாட்சி அவருக்குச் சொன்னது, நான் மனவலிமை உள்ளவன் என்பதைத்தான். அது உண்மையும் இல்லை.

இன்னொரு செலவும் உண்டு. என் நடத்தையை மட்டுமே செய்தியாக வைத்தால், நான் சறுக்கும் நாளில் செய்தியும் சறுக்கிவிடும். குற்றவுணர்வால் தயங்குகிறவர்கள் இந்த வழியை எடுக்கும்போது பாரம் குறைவதில்லை, கூடுகிறது.

"எப்போதும் நற்செய்தியைப் பிரசங்கியுங்கள், தேவைப்பட்டால் சொற்களையும் பயன்படுத்துங்கள்" என்று பதின்மூன்றாம் நூற்றாண்டுத் துறவி அசிசியின் பிரான்சிஸ் சொன்னதாக ஒரு வாக்கியம் உலவுகிறது. அவருடைய எழுத்துகளில் அப்படி ஒன்று இல்லை. செயலால் போதிக்கச் சொன்னவர்தான், ஆனால் அவர் ஓயாமல் வாயாலும் போதித்தார். 1219-இல், சிலுவைப் போர் நடந்துகொண்டிருந்தபோதே, எகிப்தில் எதிரணிப் பகுதிக்குள் ஆயுதமில்லாமல் போய்ச் சுல்தான் அல்-காமிலைச் சந்தித்துத் தன் விசுவாசத்தைப் பேசினார். சுல்தான் அவரைப் பத்திரமாகத் திருப்பி அனுப்பினார். வாழ்வா, சொல்லா என்று பிரித்துப் பார்க்கும் பழக்கம் அவருக்கு இல்லை.

இரண்டும் சேர்ந்த இன்னொரு சம்பவம். ஆங்கிலேய மிஷனரி வில்லியம் கேரி 1793-இல் வங்காளம் வந்து ஏழு வருஷம் உழைத்தும் உள்ளூர்க்காரர் ஒருவர்கூட ஞானஸ்நானம் பெறவில்லை. 1800-இன் கடைசியில் கிருஷ்ண பால் என்ற தச்சருக்குத் தோள் மூட்டு விலகியது. கேரியின் கூட்டாளியான மருத்துவர் ஜான் தாமஸ் அதைச் சரிசெய்தார், கிறிஸ்துவைப் பற்றியும் பேசினார். அந்த டிசம்பரில் கிருஷ்ண பால் ஞானஸ்நானம் பெற்றார். கையால் செய்த உதவி வாயைத் திறக்க இடம் கொடுத்தது.

இதில் ஓர் எச்சரிக்கை உண்டு. உதவியைத் தூண்டில் புழுவாக ஆக்கக் கூடாது. "கேட்கவில்லை என்றாலும் இந்த உதவி தொடருமா?" என்று உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள். தொடராது என்றால் அது உதவி அல்ல.

எப்போது இது சிறந்தது: வீட்டார் நடுவில், நீங்கள் ஆசிரியர், மருத்துவர், மேலாளர் என்று அதிகாரம் உள்ள இடத்தில் இருக்கும்போது, பேசுவதைச் சட்டமோ பணிவிதியோ தடுக்கும் இடத்தில். ஆனால் ஒரு நிபந்தனை. உங்களிடம் கேட்டால் சொல்ல மூன்று வாக்கியம் தயாராக இருக்கட்டும். போதனையின்றி ஆதாயப்படுத்தலாம் என்று சொன்ன அதே பேதுரு, அதே அதிகாரத்தின் 15-ஆம் வசனத்தில், உங்கள் நம்பிக்கையைக் குறித்துக் கேட்கும் யாவருக்கும் சாந்தத்தோடும் வணக்கத்தோடும் பதில் சொல்ல எப்பொழுதும் ஆயத்தமாயிருங்கள் என்கிறார். நான் முதலாம் வசனத்தைப் பிடித்துக்கொண்டு பதினைந்தை விட்டுவிட்டேன்.

## வழி 2: சொந்த சாட்சியைச் சொல்வது

"பதில் தெரியாதே" என்று பயப்படுகிறவர்களுக்கு இது நல்ல மருந்து. யோவான் 9-இல் பார்வை பெற்றவனைப் பரிசேயர் குடைந்து குடைந்து கேட்கிறார்கள். இயேசு பாவியா இல்லையா என்று எனக்குத் தெரியாது, நான் குருடனாயிருந்தேன், இப்போது காண்கிறேன், இது ஒன்றுதான் தெரியும் என்கிறான். தெரியாததைத் தெரியாது என்று சொல்லியும் ஒருவன் சாட்சியாக இருக்க முடிகிறது. மாற்கு 5-இல் பிசாசு நீங்கினவனுக்கு இயேசு கொடுத்த வேலையும் இதுவே: வீட்டுக்குப் போய், கர்த்தர் உனக்குச் செய்ததைச் சொல்.

மறைந்திருக்கும் செலவுகள் மூன்று. முதலாவது, மிகைப்படுத்தும் ஆசை. திரும்பத் திரும்பச் சொல்லும்போது இருட்டு இன்னும் இருண்டுவிடுகிறது, வெளிச்சம் இன்னும் பளிச்சென்று ஆகிவிடுகிறது. நடந்ததை நடந்தபடி சொல்லுங்கள். சின்னதாக இருந்தாலும் பரவாயில்லை. குடியிலிருந்தும் சிறையிலிருந்தும் மீண்டவர்களுக்குத்தான் சாட்சி உண்டு என்று நினைத்து, சிறு வயதிலிருந்தே விசுவாசத்தில் வளர்ந்தவர்கள் வாய் மூடிக்கொள்கிறார்கள். அவர்களிடமும் சொல்ல நிறைய இருக்கிறது.

இரண்டாவது, "ஜெபித்தேன், சுகமானது" என்ற சாட்சி கேட்பவரைக் காயப்படுத்தலாம். அவரும் தன் அம்மாவுக்காக ஏதோ ஒரு சந்நிதியில் அழுதிருப்பார், அம்மா பிழைக்கவில்லை. உங்கள் சாட்சியில் பதில் கிடைக்காத ஜெபம் ஒன்றாவது இருக்கட்டும். அதுதான் அவருக்குக் கதவைத் திறக்கும்.

மூன்றாவது, சபை மொழி. "பாரம் மாறியது", "அபிஷேகம் இறங்கியது", "இரட்சிக்கப்பட்டேன்" என்பவை நமக்குள் உயிருள்ள சொற்கள். வெளியே இருப்பவர் காதில் வெறும் ஓசை. "கர்த்தர் என் பாரத்தை மாற்றினார்" என்பதற்குப் பதிலாக, "மூணு மாசம் ராத்திரி ரெண்டு மணிக்கு மேலதான் தூக்கமே வரும். அந்த நேரத்துல சங்கீதம் வாசிக்க ஆரம்பிச்சேன். கவலை போயிடல, ஆனா யாரோ கேட்டுட்டு இருக்காங்கன்னு தெரிஞ்சது" என்று சொல்லிப் பாருங்கள். இரண்டும் ஒரே சாட்சிதான். இரண்டாவதைத்தான் நண்பரால் பிடித்துக்கொள்ள முடியும்.

இன்னொரு குறையும் உண்டு. சாட்சி என் கதை. "உங்களுக்கு அது உதவுச்சு, நல்லது, எனக்கு யோகா உதவுது" என்று அவர் சொன்னால் பேச்சு அங்கேயே நின்றுவிடும். என் கதையிலிருந்து இயேசுவின் கதைக்கு ஒரு பாலம் வேண்டும். அதை நான்காவது வழி தரும்.

எப்போது இது சிறந்தது: அவர் உங்களைப் பற்றிக் கேட்கும்போது. இரண்டு நிமிடத்துக்கு மேல் வேண்டாம். சொல்லி முடித்ததும், "நீங்க இதைப் பத்தி என்ன நினைக்கிறீங்க?" என்று கேட்டுவிட்டு, உண்மையாகவே காது கொடுங்கள்.

## வழி 3: சபைக்கு அழைப்பது

நாத்தான்வேல் சந்தேகப்பட்டபோது பிலிப்பு வாதாடவில்லை. "வந்து பார்" என்றார் (யோவான் 1:46). அழைப்பின் அழகே இந்தச் சுருக்கம்தான். தானாக விளக்கத் தெரியாதவர்களுக்கும் தனிமையில் வாடும் நண்பர் உள்ளவர்களுக்கும் இது கைகொடுக்கும். சிலருக்குக் கோட்பாட்டைவிட ஒரு குடும்பம்தான் முதலில் தேவைப்படுகிறது.

ஆனால் வருகிறவர் கண்ணால் ஒருமுறை நம் ஆராதனையைப் பாருங்கள். எல்லாரும் திடீரென்று எழுகிறார்கள். அவருக்குத் தெரியாத பாடல். காணிக்கைப் பை முன்னால் வருகிறது, போட வேண்டுமா, வேண்டாமா? "புதுசா வந்தவங்க எழுந்து நில்லுங்க" என்கிறார்கள். முடிந்ததும் நான்கு பேர் சூழ்ந்துகொண்டு தொலைபேசி எண் கேட்கிறார்கள். கெட்ட எண்ணம் ஒருவருக்கும் இல்லை, ஆனால் அவர் அடுத்த முறை வரமாட்டார்.

ஒரு மறைமுகச் செலவை நான் கவனித்தேன். அழைத்ததோடு என் வேலை முடிந்தது, இனி போதகர் பார்த்துக்கொள்வார் என்று ஆகிவிடுகிறது. நான் பேசக் கற்றுக்கொள்வதே இல்லை. வந்தவருக்கும் என்னிடம் கேட்க ஆயிரம் இருக்கும், நானோ அவரை வேறு யாரிடமோ தள்ளிவிடுவேன்.

எப்போது இது சிறந்தது: அவரே ஆர்வம் காட்டும்போது, அல்லது ஏற்கெனவே உங்களோடு கொஞ்சம் பேசியிருக்கும்போது. என்ன நடக்கும், எவ்வளவு நேரம், எதில் கலந்துகொள்ளத் தேவையில்லை என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். பக்கத்தில் உட்காருங்கள். முடிந்தால் முதலில் வீட்டில் கூடும் சின்ன ஐக்கியத்துக்குக் கூட்டிப்போங்கள்.

## வழி 4: ஒரு சுவிசேஷத்தைச் சேர்ந்து வாசிப்பது

ஆறு வழிகளில் இதைத்தான் தயங்குகிறவர்கள் யோசிப்பதே இல்லை. என் அனுபவத்தில் அவர்களுக்கே மிகவும் பொருந்துவது இதுதான்.

அப்போஸ்தலர் 8-இல் எத்தியோப்பிய மந்திரி இரதத்தில் உட்கார்ந்து ஏசாயாவை வாசித்துக்கொண்டிருக்கிறார். பிலிப்பு (நாத்தான்வேலை அழைத்த பிலிப்பு அல்ல, வேறொருவர்) ஓடிப்போய், வாசிப்பது புரிகிறதா என்று கேட்கிறார். ஒருவர் விளக்காவிட்டால் எப்படிப் புரியும் என்று மந்திரி அவரை ஏறி உட்காரச் சொல்கிறார். அந்த உரையாடலைக் கவனியுங்கள். கேள்வி, அழைப்பு, நடுவில் ஒரு புத்தகம். பிலிப்பு தன் மேல் வெளிச்சம் விழாத இடத்தில் உட்கார்ந்திருக்கிறார்.

அதுதான் இதன் பலம். இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்க்காமல் ஒரே பக்கத்தைப் பார்க்கிறோம். கூச்சம் பாதி அங்கேயே போய்விடுகிறது. நான் ஆசிரியன் இல்லை, அவர் மாணவர் இல்லை. பிடிக்காவிட்டால் அவர் வாதாடுவது என்னோடு அல்ல, பக்கத்தில் இருக்கும் வரியோடு. செய்தி போய்ச் சேர்கிறதா என்ற மூன்றாவது கேள்விக்கு இங்கே சந்தேகமே இல்லை, ஏனென்றால் வாசிப்பது இயேசுவைப் பற்றித்தான். 386-இல் மிலான் நகரத் தோட்டத்தில் மனம் கலங்கிக் கிடந்த அகுஸ்தீன் (பின்னாளில் சபையின் பெரிய போதகராக அறியப்பட்டவர்), "எடுத்து வாசி" என்று குழந்தையின் குரல் ஒன்றைக் கேட்டு ரோமர் நிருபத்தைத் திறந்தார். அந்தச் சில வரிகள்தான் அவரைத் திருப்பின.

செய்முறை எளிது. இயேசுவின் வாழ்க்கையைச் சொல்லும் நான்கு சுவிசேஷங்களில் மாற்கு மிகச் சிறியது, 16 அதிகாரம். முழுவதையும் ஒன்றரை மணி நேரத்தில் வாசித்துவிடலாம். வாரம் ஓர் அதிகாரம் என்றால் நான்கு மாதம். புதியவருக்குப் பழைய மொழிபெயர்ப்பு கரடுமுரடாக இருக்கும், எளிய மொழிபெயர்ப்பை எடுங்கள். மூன்றே கேள்வி வைத்துக்கொள்ளுங்கள்: இதில் உங்களுக்கு ஆச்சரியமாக இருந்தது எது? பிடிக்காதது எது? இந்த மனிதர் யார் என்று இந்த அதிகாரம் சொல்கிறது? பதில் தெரியாதபோது, "தெரியலை, பாத்துட்டு அடுத்த வாரம் சொல்றேன்" என்பது முழுமையான பதில். அதைச் சொன்ன பிறகு நட்பு குறைந்து நான் பார்த்ததில்லை. நம்பகம்தான் கூடியிருக்கிறது.

செலவை மறைக்கமாட்டேன். இது நேரம் தின்னும். ஒரு வாரம் அவர் வரமுடியாது, இன்னொரு வாரம் உங்களுக்கு முடியாது. நீங்கள் சுலபமாகக் கடந்துபோன வரிகளில் அவர் நின்றுவிடுவார். அத்தி மரத்தை ஏன் சபித்தார்? சீரோபேனிக்கியப் பெண்ணிடம் ஏன் அப்படிக் கடுமையாகப் பேசினார்? உங்கள் விசுவாசமும் அந்த மேசை மேல் வந்துவிடும். கடைசிப் பக்கம் வரை வந்துவிட்டு, "நல்லாயிருந்தது, ஆனா எனக்கு நம்பிக்கை வரலை" என்று அவர் எழுந்து போகலாம். அதைத் தாங்க மனசு வேண்டும். நான் நட்டேன், அப்பொல்லோ நீர்ப்பாய்ச்சினான், விளையச் செய்தது தேவன் என்று பவுல் எழுதினது (1 கொரிந்தியர் 3:6) எனக்கு உதவும் இடம் இதுதான்.

எப்போது இது சிறந்தது: வாசிக்கும் பழக்கமும் கொஞ்சம் ஆர்வமும் உள்ள நண்பரோடு, கூச்சம், அறியாமை, திணிப்போமோ என்ற எண்ணம் இவற்றில் எது உங்களைத் தடுத்தாலும். வாசிக்க நேரமோ பொறுமையோ இல்லாதவருக்கு இது ஒத்துவராது.

## வழி 5: கைப்பிரதியும் அறியாதவரோடு பேசுவதும்

நட்பு போய்விடுமோ என்ற பயம் இங்கே இல்லை. வாங்குகிறவர் தனியே, தன் நேரத்தில் வாசிக்கலாம், தூக்கியும் போடலாம். அந்தச் சுதந்திரம் நல்லது. பேசவே வராத சிலருக்கு ஒரு தாள்தான் குரல்.

செலவு என்னவென்றால், கொடுத்ததுமே என் மனச்சாட்சி நிம்மதியாகிவிடுகிறது. நூறு தாள் கொடுத்தேன் என்ற கணக்கு இருக்கும், ஒருவரின் பெயர்கூடத் தெரிந்திருக்காது. நரகத்தைக் காட்டி மிரட்டும் தாள்களும் உண்டு. உங்கள் நண்பர் கையில் கொடுக்கக் கூசும் தாளை அந்நியர் கையிலும் கொடுக்க வேண்டாம். சில இடங்களில் இதற்குச் சட்டக் கட்டுப்பாடும் உண்டு, விசாரித்துவிட்டுச் செய்யுங்கள்.

எப்போது இது சிறந்தது: "வாசிக்க ஏதாவது இருக்கா?" என்று கேட்பவருக்கு, பயணத்தில் நல்ல பேச்சு பாதியில் முடியும்போது.

## வழி 6: சமூக ஊடகம்

தினமும் வசனப் படம் அனுப்புவதைப் பகிர்தல் என்று நான் எண்ணுவதில்லை. அதற்கு "ஆமென்" போடுகிறவர்கள் ஏற்கெனவே விசுவாசிகள். மற்றவர்கள் குழுவின் ஒலியை அணைத்துவிட்டார்கள். வருஷத்துக்கு ஒன்றிரண்டு முறை, உங்களுக்கு நடந்ததை உண்மையாக எழுதினால் அது வேறு விஷயம். யாராவது தனிச்செய்தியில் பதில் எழுதுவார்கள். அங்கிருந்துதான் உண்மையான பேச்சு தொடங்கும்.

## ஒரே பார்வையில்

| வழி | எந்தத் தடைக்கு உதவும் | "வேண்டாம்" சொல்ல முடியுமா | செய்தி சேருமா | மறைந்த செலவு |
|---|---|---|---|---|
| வாழ்ந்து காட்டுவது | உறவு போகும் பயம் | முழுமையாக | கேட்டால் மட்டும் | பெருமை எனக்கு வருகிறது |
| சாட்சி | பதில் தெரியாத பயம் | ஓரளவு | பாதி | மிகைப்படுத்தல், சபை மொழி |
| சபைக்கு அழைப்பு | விளக்க வராத தயக்கம் | அழைக்கும்போது முடியும், வந்தபின் கஷ்டம் | சபையைப் பொறுத்தது | பொறுப்பைக் கைமாற்றுவது |
| சேர்ந்து வாசிப்பது | கூச்சம், அறியாமை, திணிக்கும் கவலை | ஒவ்வொரு வாரமும் | ஆம் | நேரம், என் விசுவாசத்துக்கும் சோதனை |
| கைப்பிரதி | உறவு போகும் பயம் | முழுமையாக | தாளின் தரத்தைப் பொறுத்தது | தொடர்ச்சி இல்லை |
| சமூக ஊடகம் | நேரில் பேசும் கூச்சம் | முழுமையாக | அபூர்வமாக | நம்மவர்களுக்கே பேசுவது |

## எதை எடுத்தாலும் தாண்டக் கூடாத கோடு

உங்கள் கீழ் வேலை செய்பவர், உங்களிடம் சிகிச்சை பெறுபவர், உங்களிடம் மதிப்பெண் எதிர்பார்ப்பவர், இவர்களிடம் நீங்களாகத் தொடங்காதீர்கள். அவர்களால் உங்களுக்கு "வேண்டாம்" சொல்ல முடியாது. பெற்றோருக்குத் தெரியாமல் பிள்ளைகளிடம் வேண்டாம். துக்கத்தின் முதல் நாட்களில் பேச்சே வேண்டாம், பக்கத்தில் இருங்கள். 1948-இன் உலக மனித உரிமைப் பிரகடனம், 18-ஆம் பிரிவில், மதத்தை மாற்றிக்கொள்ளவும் வெளிப்படுத்தவும் ஒவ்வொருவருக்கும் உரிமை உண்டு என்கிறது. எனக்குச் சொல்ல இடம் தரும் அதே பிரிவு, அவர் தன் நம்பிக்கையிலேயே நிலைத்திருக்கவும் இடம் தருகிறது. அவர் ஒருமுறை வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள். நட்பை மட்டும் விடாதீர்கள்.

## நான் எடுத்த முடிவு

ஒன்றைத்தான் எடுக்க முடியும் என்றால் நான்காவதை எடுப்பேன். அதற்கு வாசலாக இரண்டாவதைச் சுருக்கமாக வைத்துக்கொள்வேன். முதலாவது எப்போதும் ஓடிக்கொண்டிருக்க வேண்டியது, அதை ஒரு தேர்வாகவே நான் இப்போது நினைப்பதில்லை. வீட்டாரிடம் மட்டும் இந்த வரிசை மாறும்; அங்கே முதலாவதே முதலாவது.

எட்டு மாதம் கழித்து அந்த நண்பரிடம் போனேன். அதே மேசை, அதே நேரம். "அன்னிக்கு நீங்க ஒண்ணு கேட்டீங்க, நான் சரியா பதில் சொல்லலை. இப்ப சொல்லட்டுமா?" என்றேன். குரல் நடுங்கியது, மறைக்கவில்லை. இரண்டு நிமிடம் பேசினேன். அவர் கொஞ்ச நேரம் மேசையையே பார்த்திருந்துவிட்டு, "இதை அன்னிக்கே சொல்லியிருக்கலாமே, அப்ப எங்க அம்மா ஆஸ்பத்திரில இருந்தாங்க" என்றார். எனக்கு அது தெரியவே தெரியாது. அவர் அன்று ஏன் கேட்டார் என்பது அப்போதுதான் புரிந்தது.

சேர்ந்து வாசிக்கலாமா என்று கேட்டேன். யோசித்துச் சொல்கிறேன் என்றார். மூன்று வாரம் கழித்து அவரே வந்து, "அந்தப் புத்தகம் வச்சிருக்கீங்களா?" என்றார். வியாழக்கிழமைகளில் உட்கார்ந்தோம். நான்காம் அதிகாரத்தில், படகு மூழ்கப் போகும்போது சீஷர்கள் இயேசுவை எழுப்பி, நாங்கள் மடிந்துபோகிறது உமக்குக் கவலையில்லையா என்று கேட்கும் இடத்தில் அவர் புத்தகத்தின் மேல் விரலை வைத்து நிறுத்திவிட்டார். அன்று அதற்கு மேல் வாசிக்கவில்லை. அம்மாவைப் பற்றிப் பேசினார்.

அவர் இன்னும் விசுவாசி அல்ல. போன வாரம் கடைசி அதிகாரத்துக்கு வந்தோம். மிகப் பழைய கையெழுத்துப் பிரதிகள் 16-ஆம் அதிகாரம் 8-ஆம் வசனத்தோடு முடிந்துவிடுகின்றன என்று சொல்லி, அங்கேயே நிறுத்தினேன். கல்லறை காலியாக இருப்பதைப் பார்த்த பெண்கள் நடுங்கி ஓடுகிறார்கள். பயந்திருந்ததால் ஒருவருக்கும் ஒன்றும் சொல்லாமல் போகிறார்கள். நண்பர் அந்த வரியை இரண்டு தடவை வாசித்தார். அப்புறம் என்னைப் பார்த்துக் கேட்டார்:

"பயந்து யார்கிட்டயும் சொல்லலைன்னா, அப்புறம் இது எப்படி நம்ம கைக்கு வந்துச்சு?"

அன்று நாங்கள் எழுந்திருக்கும்போது மணி ஒன்பதரை.